வைகை அணையா, தேக்கடியா?

மதுரையிலிருந்து நீர்த்தேக்கம் ஒன்றைப் பார்த்துவர நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டரில் உள்ள வைகை அணைக்குக் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பினாலும் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம். 1959இல் திறக்கப்பட்ட அவ்வணையின் இருகரைப் பூங்காக்களும் பிள்ளைகள் ஓடியாட ஏற்றவை. வெளியே மிளகாய் மசாலா பூசிப் பொரித்துத் தரும் அணை மீனை ருசிக்காமல் திரும்புவோர் குறைவு. சித்திரை, வைகாசியில் உச்சிவெயிலை மட்டும் தவிர்க்கவேண்டும்.

தேக்கடியோ இதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு தொலைவு. கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, லோயர் கேம்ப்பிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் குமுளியை அடையவேண்டியிருப்பதால், ஒரே நாளில் போய்வர முடியுமென்றாலும் ஓர் இரவு தங்குவதே உடம்புக்கு நல்லது. கைக்குழந்தையோ மூட்டுவலியுள்ள பெரியவரோ உடன் வந்தால் நான் வைகையையே பரிந்துரைப்பேன். காடு பார்க்கும் ஆசை என்றால் தேக்கடிக்கு மாற்றில்லை: 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உருவான அந்த ஏரியில், நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களுக்கிடையே படகு செல்கையில், கரையில் யானைக் கூட்டம் தென்படலாம், தென்படாமலும் போகலாம். (அங்கிருந்து சுரங்கம் வழியே இறங்கும் தண்ணீர்தான் வைகை அணைக்கும் வந்து சேர்கிறது.) விடுமுறை நாட்களில் படகுச் சீட்டு விரைவில் தீர்ந்துவிடுவதால், காலை முதல் நடைக்கே முன்பதிவு செய்துகொண்டு கிளம்புவது உத்தமம்.