காலை வாருகிறாரா, கேலி செய்கிறாரா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பவராக இருக்கிறேன். நாள் முழுக்க இங்கிலாந்து பையர்களோடு மெயில்தான். ஆங்கிலம் கற்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என் மேஜைக்கு வந்ததே ஒரு மெயிலால்தான்.

நேவி புளூ டி-ஷர்ட் சாம்பிள் அனுப்பியிருந்தோம். "கேட்டது நேவி, வந்திருப்பது கத்திரிப்பூ கலர்" என்று எழுதிய பையர், கீழே "ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்" என்று முடித்திருந்தார். எனக்குப் பகீரென்றது. வார்த்தைக்கு வார்த்தை 'உன் காலை இழுக்கிறேன்'; நம் தமிழில் காலை வாருவதென்றால் நம்பவைத்துக் கைவிடுவது. "அண்ணா, பையர் காலை வாரிடுவார் போல" என்று முதலாளியிடம் போய் நின்றேன். அவர் உடனே சாயம் போடும் டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டுவிட்டார். கையில் இருந்த மலிவு விலைக் கையேட்டில் 'காலை இழுத்தல்' என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை.

அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் இந்த டிக்‌ஷனரி இருந்தது. 'புல்' என்ற சொல்லில் தேடினால், பெயர்ச்சொல்லில் போய்ப் பார் என்று அங்கேயே வழி சொல்லியிருந்தது. 'லெக்' என்ற சொல்லில் கிடைத்தது: இல்லாததை நம்பவைத்து விளையாட்டாகக் கேலி செய்வது. கூடவே 'இன்ஃபார்மல்', அதாவது பேச்சுவழக்கு என்ற குறிப்பு.

அந்தக் குறிப்புக்காகவே அந்த மாதச் சம்பளத்தில் எனக்கென்று ஒன்று வாங்கினேன். பொருள் எங்கும் கிடைக்கும், யாரிடம் சொல்லலாம் என்பதுதான் கிடைக்காது. பழகிய பையரிடம் இதைச் சொல்லலாம். பேமென்ட் தாமதம் பற்றிய மெயிலில் எழுதக் கூடாது. நம்ப முடியாத சேதி வந்தால் "ஆர் யூ புல்லிங் மை லெக்?" என்று கேட்பார்கள். நாம் "சும்மாதானே சொல்றீங்க?" என்போமே, அதே இடம். இப்போதைய பிள்ளைகள் சிரித்துக்கொண்டே "கால வாராதடா" என்பதும் இதற்குப் பக்கத்தில் வரும்.

இந்த டிக்‌ஷனரியைத் தொடங்கிய ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். சகாக்களோடு அவர் தொகுத்த அகராதி 1942-ல் டோக்கியோவில்தான் முதலில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது 1948-ல். வெளியிலிருந்து வருபவர் எந்தப் படியில் தடுக்குவார் என்று தெரிந்த கை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

தலையணை கனம், கைப்பையில் வைக்க முடியாது. மேஜையில் இருக்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலமே பையருக்கு எழுதினேன், கத்திரிப்பூ கலரிலும் ஒரு சாம்பிள் அனுப்பட்டுமா என்று. மறுநாள் காலையில் சிரிப்புப் பொம்மையோடு பல்க் போட, அதாவது மொத்தமாகத் தைக்க அப்ரூவல் வந்துவிட்டது.