த்ரில்லர் எடிட்டிங் கத்துக்க போன் கேமராவும் ஃப்ரீ டாவின்சி ரிசால்வும்: ரெண்டு வருஷம் யூஸ் பண்ண அனுபவம்

நான் வெச்சிருக்கற போனோட விலை இப்ப நல்லா இறங்கியிருக்கு, அதுலேர்ந்து ஏரியா பசங்க எல்லாம் ஒரே கேள்வி, "ண்ணா, இந்த போன வாங்கி ஃப்ரீ ரிசால்வ் போட்டு எடிட்டிங் கத்துக்கலாமா, ஒரு த்ரில்லர் ஷார்ட் ஃபிலிம் பண்ணலாம்னு இருக்கோம்"னு. ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன். மெகாபிக்சல் எவ்ளோ, சிப் என்ன, பேட்டரி எவ்ளோ நேரம் நிக்கும்ன்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள நான் போகல. போன் பேரையும் எழுதல, ஏன்னா கீழ நான் கொட்டப்போற கடுப்பு அந்த ஒரு மாடல் மேல இல்ல, ஆண்ட்ராய்டு ஐபோன்னு இல்லாம பெரும்பாலான போன்ல இருக்கற வியாதி அது.

முதல்ல ரிசால்வ், அதாவது டாவின்சி ரிசால்வ்ன்ற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர். இப்படி ஒரு சாஃப்ட்வேர் காசில்லாம கிடைக்குதுன்றதே எனக்கு இன்னிக்கும் நம்ப முடியல. காசு கட்டி வாங்கற ஸ்டுடியோ வெர்ஷனோட எஃபெக்ட் எதையும் தொடாத வரைக்கும் வாட்டர்மார்க் கிடையாது, யுஎச்டி 4கே வரைக்கும் எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம், கலர் பண்றதுக்கு பெரிய படத்துக்காரங்க உக்காந்து வேலை செய்யற அதே பேனல். காசு கட்ற ஸ்டுடியோ 295 டாலர், மாசாமாசம் இல்ல, ஒரே தடவை. அதுல இருக்கற, படத்துல வர்ற புள்ளிய குறைக்கற நாய்ஸ் ரிடக்‌ஷன பாத்தா ராத்திரி ஷாட் எடுக்கற எவனுக்கும் ஆசை வரும், ஆனா கத்துக்கற காலத்துல அது இல்லாமலே ஓட்டலாம். என்னோடது ரிச்சி ஸ்ட்ரீட்ல எடுத்த செகண்ட் ஹேண்ட் லேப்டாப், 16 ஜிபி ரேம், அதுக்கு கம்மியா இருந்தா ரொம்ப கஷ்டம். ப்ராக்ஸி, அதாவது எடிட் பண்றதுக்கு மட்டும் வீடியோவோட ஒரு சின்ன சைஸ் காப்பி போட்டுக்கிட்டா ஸ்மூத்தா ஓடும். நடுவுல ஃபேன் ஒருவாட்டி மாத்துனேன், வேற செலவு வெக்கல.

இப்ப த்ரில்லருக்கு வரேன். கத்துக்க ஏன் த்ரில்லர எடுக்கணும்னு கேட்டா, காமெடியா இருந்தா நல்ல நடிகர் ஒருத்தர் காப்பாத்திடுவாரு, லவ்வா இருந்தா மியூசிக் காப்பாத்திடும், த்ரில்லர்ல கட் நாலு ஃப்ரேம் (வீடியோல செகண்டுக்கு 25, 30 படம் ஓடுதுல்ல, அதுல ஒன்னுதான் ஃப்ரேம்) லேட்டா விழுந்தா அங்கயே படுத்துடும். ஆடியன்ஸுக்கு எத எப்ப காட்டறோம், எத அடக்கி வெக்கறோம், மொத்த வேலையும் அதுதான். த்ரில்லருக்கு பேர்போன டைரக்டர் ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி குண்டு கதை எல்லாருக்கும் தெரியும், ரெண்டு பேர் சும்மா பேசிட்டு இருக்கும்போது திடீர்னு வெடிச்சா 15 செகண்ட் அதிர்ச்சி, குண்டு இருக்கறத முன்னாடியே ஆடியன்ஸுக்கு காட்டிட்டா அதே பேச்சுல 15 நிமிஷம் சஸ்பென்ஸ். நம்ம ஊர்ல எஸ்.பாலச்சந்தர் 1954-லயே 'அந்த நாள்' எடுத்தாரு, பாட்டே கிடையாது, கொலை படம் ஆரம்பிச்சவுடனே நடந்து முடிஞ்சுடும், அப்புறம் விசாரணைல ஒவ்வொருத்தர் சொல்ல சொல்ல அவங்க கண்ணுல அத பாக்கறோம். செத்தது யாருன்னு முதல்லயே தெரிஞ்சும் கடைசி வரைக்கும் உக்கார வெக்குதுன்னா அது தகவல எந்த வரிசைல அவுக்கறாங்கன்றதால தான். கத்துக்க நினைக்கற பசங்களுக்கு நான் சொல்றது ஒன்னுதான், புடிச்ச த்ரில்லர் சீன் ஒன்ன ரிசால்வ்ல போட்டு, சத்தத்த மியூட் பண்ணிட்டு ஒவ்வொரு கட்டுலயும் எம் அழுத்தி மார்க்கர் வைங்க. ஷாட் எங்கெங்க நீளுது, எங்க சுருங்குதுன்னு, ஷாட் எல்லாம் வரிசையா அடுக்கியிருக்கற டைம்லைன்ல அப்படியே கண்ணுக்கு தெரியும். நிறைய சீன்ல பயம் ஏற ஏற கட் வேகமாகும்னு நினைச்சிருப்போம், பாத்தா மோசமானது நடக்கறதுக்கு ஜஸ்ட் முன்னாடி ஒரு ஷாட் சம்பந்தமே இல்லாம நீளமா நிக்கும்.

நாங்க இந்த போன்ல எடுத்த த்ரில்லர் படத்துல ஒரு சீன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல நடக்குது. அந்த கேட்ட பத்தி வடசென்னைக்காரங்களுக்கு நான் சொல்லவே வேணாம், கூட்ஸ் ஒன்னு வந்துச்சுன்னா வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கவேண்டியதுதான். கதைல ஹீரோ வட்டிக்காரன் கிட்ட ஏமாத்திட்டு ஓடறான், கேட் மூடிடுச்சு, கூட்ஸ் மெதுவா போகுது. ரெண்டு வேகனுக்கு நடுவுல ஒரு சந்து இருக்குல்ல, அது வழியா அந்தப்பக்கம் தெரியும், கேமரா முன்னாடி அந்த சந்து அஞ்சாறு ஃப்ரேம்தான் இருக்கும். முதல் சந்துல அந்தப்பக்கம் ஒருத்தன் நிக்கறான். அடுத்த சந்துலயும் நிக்கறான். மூணாவதுல ஆள் இல்ல. ரோட்டுல கேட்டுக்கு வெளிய நின்னுதான் எடுத்தோம், தண்டவாளத்து பக்கமே போகல.

இதுல நான் எடிட்டிங்ல கத்துக்கிட்டது ஒரு புக் அளவுக்கு இருக்கும். முதல் வெர்ஷன்ல ஹீரோ அந்தப்பக்கம் பாக்கற ஷாட்ட முன்னாடி வெச்சு, அப்புறம் சந்து, அப்புறம் ஆள் இல்லாத சந்துன்னு அடுக்கியிருந்தோம், பாத்தவங்க "ஓ"ன்னாங்க, அவ்ளோதான். ஹீரோ போன நோண்டிட்டு இருக்கற ஷாட்ட அந்த மூணு சந்துக்கும் நடுவுல போட்டதும் மொத்தமா மாறிடுச்சு. ஆடியன்ஸ் பாத்துட்டான், ஹீரோ பாக்கல. புதுசா ஒரு ஷாட் கூட எடுக்கல, வரிசைய மட்டும் மாத்துனோம். வீட்ல பாத்த என் தங்கச்சி "டேய் திரும்பி பாருடா"ன்னு ஸ்க்ரீன பாத்து கத்துச்சு.

அப்பறம் கண்ணு எங்க நிக்குதுன்ற விஷயம். வால்டர் மர்ச்னு பெரிய எடிட்டர், ஒரு நல்ல கட்டுக்கு ஆறு விஷயம் பாக்கணும்னு சொல்லி மார்க் போட்டிருக்காரு, உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, ரிதத்துக்கு 10, பாக்கறவன் கண்ணு ஸ்க்ரீன்ல எங்க இருக்குன்றதுக்கு 7. த்ரில்லருக்கு அந்த 7 பத்தவே பத்தாதுன்றது என் அபிப்ராயம். அஞ்சு ஃப்ரேம் சந்துல ஒரு ஆள தேடி கண்டுபிடிக்க ஆடியன்ஸுக்கு நேரம் கிடையாது, அதனால முந்தின ஷாட்ல ஹீரோ மூஞ்சி எந்த இடத்துல இருந்துச்சோ அதே இடத்துலதான் சந்தும் ஆளும் வரணும். ரிசால்வ்ல ஷாட்ட லேசா ஜூம் பண்ணி நகத்திட்டேன், அந்த நிமிஷம் சீன் புடிச்சுக்குச்சு.

எதிர்பார்க்காத சந்தோஷம்னா அது சவுண்டுதான். ரிசால்வ்ல ஆல்ட் புடிச்சுட்டு கிளிக் பண்ணா ஆடியோ மட்டும் தனியா செலக்ட் ஆகும், அதோட நுனிய புடிச்சு பின்னாடி இழுத்தா அடுத்த சீனோட சத்தம் இந்த ஷாட்லயே ஆரம்பிச்சிடும், இதுதான் ஜே-கட். கேள்விப்பட்டது தான், ஆனா கைல பண்ணும்போது கிடைக்கற கிக் வேற. ஹீரோ இன்னும் வீட்ல சட்ட மாட்டிட்டு இருக்கான், கூட்ஸ் சத்தம் அடில வந்துட்டே இருக்கு, எங்கேந்துன்னு தெரியல, கட் ஆனா கேட். பயமுறுத்தற மியூசிக் ஒரு பிட்டு கூட போடல. ராத்திரில எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி லைன் கட்டி போற சத்தம், காசிமேடு பக்கம் விடிகாலைல போட் இன்ஜின் ஸ்டார்ட் ஆகற சத்தம், இதெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தேன், ரிசால்வ்ல சவுண்டுக்குன்னே இருக்கற ஃபேர்லைட் பேஜ்ல உக்காந்து அத அடுக்கி அடுக்கி கடைசி வேகன் போனதும் எல்லாத்தையும் ஒரே ஃப்ரேம்ல கட் பண்ணிட்டேன். அந்த திடீர் அமைதி குடுக்கற பயத்த எந்த வயலினும் குடுக்காது.

இப்ப கடுப்புக்கு வரேன். போன் வீடியோல 30 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 30 ஃப்ரேம்னு செட்டிங்ஸ்ல போட்டிருக்கும், நம்பாதீங்க. போன் எடுக்கறது வேரியபிள் ஃப்ரேம் ரேட், அதாவது செகண்டுக்கு இத்தன ஃப்ரேம்னு நிலையா கிடையாது, அதுக்கு தோணினபடி ஏத்தும் இறக்கும். வெயில்ல எடுத்தா பெருசா தெரியாது. வெளிச்சம் கம்மியானா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூட நேரம் வெளிச்சம் வாங்கணும்னு ஃப்ரேம குறைச்சிடும். த்ரில்லர்ன்றதே பாதி ராத்திரிலதான் நடக்குது! எந்த சீனுக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் முக்கியமோ அந்த சீன்லதான் இந்த போன் ஃப்ரேம திங்குது. டைம்லைன்ல போட்டா அது 25-னா 25, 30-னா 30, நிலையாதான் ஓடும், வர்ற ஃபுட்டேஜ் ஒழுங்கா இல்லன்னா சாஃப்ட்வேர் என்ன பண்ணும், இல்லாத ஃப்ரேமுக்கு பக்கத்து ஃப்ரேம ரெண்டுதரம் காட்டும். கல்லு மாறிட்டே இருக்கற தராசுல மீன் வாங்கற மாதிரி இருக்கு.

என்ன ஆகும்னா, தனி மைக்ல எடுத்த டயலாக்க, டேக் ஆரம்பத்துல கைதட்டுன இடத்த வெச்சு வீடியோவோட கரெக்டா சிங்க் பண்ணி, அதாவது உதடும் வார்த்தையும் ஒன்னா சேர்ற மாதிரி வெச்சிருப்பீங்க, முதல் நிமிஷம் சூப்பரா இருக்கும், போக போக உதடு ஒரு பக்கம் வார்த்தை ஒரு பக்கம். வட்டிக்காரன் மிரட்டற சீன் ஒரே நீளமான டேக், அதுல அவரு பேசி முடிச்சு வாய மூடனப்புறம் மிரட்டல் கேக்குது, பயம் எங்கேந்து வரும்? அந்த டேக்க நாலஞ்சு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனியா நகத்தி சிங்க் பண்ணேன், வெட்டுன இடத்த மறைக்க ரியாக்‌ஷன் ஷாட் போட வேண்டியதாச்சு. வெட்டவே கூடாத சீன் அது. அந்த மனுஷன் என்னமா நடிச்சிருந்தாரு, ஒரே மூச்சுல, கண்ணு சிமிட்டாம. அத நான் துண்டு போட்டேன்றது இன்னிக்கும் வயிறு எரியுது. ரயில்வே கேட் சீன்ல ரெண்டாவது சந்துல அஞ்சு ஃப்ரேம்ல ரெண்டு ரிப்பீட்டு ஃப்ரேம், ஆள் அங்க உறைஞ்சு நிக்கற மாதிரி ஒரு ஜெர்க். பாக்கறவங்களுக்கு ஏன்னு சொல்ல தெரியாது, ஆனா ஏதோ சரியில்லன்னு தெரியும்.

வைத்தியம் இருக்கு. மீடியாஇன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ டூல், ஃபைல அதுல போட்டா ஃப்ரேம் ரேட் மோடு வேரியபிளா கான்ஸ்டன்ட்டான்னு காட்டும், மினிமம் மேக்ஸிமமும் காட்டும். வேரியபிள்னா ஹேண்ட்பிரேக்ன்ற வீடியோ கன்வெர்ட்டர்ல போட்டு, கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் செலக்ட் பண்ணி கன்வெர்ட் பண்ணிட்டு அப்புறம் ரிசால்வ்ல ஏத்துங்க. சிங்க் நிக்கும். ஆனா எல்லா டேக்கையும் கன்வெர்ட் பண்ண லேப்டாப் ராத்திரி பூரா ஓடும், ஹார்ட் டிஸ்க் ரொம்பும், எடுக்காம விட்ட ஃப்ரேம் கன்வெர்ட் பண்ணா மட்டும் எங்கேந்து வரும்? ஜெர்க் அப்படியேதான் இருக்கும். ஃப்ரேம் ரேட்டையும் ஷட்டரையும் (ஒவ்வொரு ஃப்ரேமும் எவ்ளோ நேரம் வெளிச்சம் வாங்கணும்ன்றது) லாக் பண்ற கேமரா ஆப் இருக்கு, உங்க போன்ல ஒத்துழைச்சா 25 எஃப்பிஎஸ், ஷட்டர் 1/50 செகண்ட்னு பூட்டிடுங்க. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த ஷட்டர்ல ட்யூப் லைட்டும் தெருவிளக்கும் மினுக்காது. ஐஎஸ்ஓ (கம்மி வெளிச்சத்த கேமரா கூட்டிக் காட்டற அளவு) ஏறி படம் கொஞ்சம் புள்ளி புள்ளியா வரும், பரவால்ல, த்ரில்லருக்கு அது அழகுதான். ரிசால்வ்ல ப்ராஜக்ட் ஆரம்பிக்கும்போதே டைம்லைன் ஃப்ரேம் ரேட்டும் 25-னு வெச்சுடுங்க, ஃபுட்டேஜ் போட்டப்புறம் அந்த டைம்லைன்ல மாத்த விடாது.

நியாயமா பேசணும்னா இந்த போன் இல்லன்னா நாங்க படமே எடுத்திருக்க மாட்டோம். ராத்திரில கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் சோடியம் லைட்ல அது குடுத்த கலர் அவ்ளோ அருமை, கேமரா வெச்சிருக்கோம்னே யாருக்கும் தெரியல, கூட்டத்துல நடுவுல பூந்து எடுத்தோம். கைல ஷேக்கே இல்ல. பகல்ல நடக்கற கதைனா கண்ண மூடிட்டு எடுக்கலாம்.

அப்படியும் என் பதில், வாங்காதீங்க. த்ரில்லருக்குன்னு வாங்காதீங்க. விலை எவ்ளோ இறங்கினாலும் சரி. ரிசால்வ இன்னிக்கே டவுன்லோட் பண்ணுங்க, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. போன் வாங்க வெச்ச காசுல ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா பாருங்க, நம்ம ஏரியால கல்யாண போட்டோ எடுக்கறவங்க மிரர்லெஸ்ன்ற புது வகை கேமராவுக்கு மாறிட்டு பழச வித்துட்டு இருக்காங்க, அதுல 25-னு போட்டா 25 தான் வரும், ஒன்னு கூட கம்மியாகாது. இல்ல, போன்தான் வேணும்னு அடம் புடிக்கறவங்க கடைல பணம் கட்றதுக்கு முன்னாடி டெமோ பீஸ வாங்கி, லைட் கம்மியா இருக்கற மூலைல ஒரு நிமிஷம் ஷூட் பண்ணி, அந்த ஃபைல உங்க போனுக்கு அனுப்பிக்கோங்க. வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதீங்க, டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லன்னா அது வேற அமுக்கிடும். வீட்டுக்கு வந்து மீடியாஇன்ஃபோல பாருங்க. மினிமம் ஃப்ரேம் ரேட்டு நீங்க செட்டிங்ஸ்ல வெச்சத விட ரொம்ப கீழ இறங்கியிருந்தா அந்த போன மறந்துடுங்க.