நல்ல குரல்களும் ஒரு தபால்காரரின் பாட்டுகளும்

அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் ஜான் பிரைனின் பாட்டை நல்ல குரல் உள்ளவர்கள் பாடப்போகிறார்கள் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். அவருக்கே அப்படியொன்றும் குரல் கிடையாது. 1998-இல் கழுத்தில் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்தபிறகு இருந்ததும் கரகரத்துப் போய்விட்டது. கட்டைவிரல் தன்பாட்டுக்குக் கிடாரின் தடித்த தந்திகளில் மாறிமாறித் தட்டிக்கொண்டிருக்கும், இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற மாதிரி பாடுவார். அவ்வளவுதான்.

அதனால் அவர் பாட்டுகளை மற்றவர்கள் பாடிய ‘ப்ரோக்கன் ஹார்ட்ஸ் அண்ட் டர்ட்டி விண்டோஸ்’ ஆல்பத்தின் இரண்டாம் தொகுதியைத் தயங்கித்தான் போட்டேன். பிரைன் 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தார். இருந்திருந்தால் 75 வயதாகியிருக்கும் 2021 அக்டோபரில், அவரே கூட்டாளிகளோடு ஆரம்பித்த ஓ பாய் ரெக்கார்ட்ஸ் இதை வெளியிட்டது. 12 பாட்டு. 2010-இல் வந்த முதல் தொகுதிக்கும் இதே தலைப்புதான். அந்தத் தலைப்பு பிரைனின் ‘ஸூவனிர்ஸ்’ பாட்டில் வருகிற வரி, ஆனால் முதல் தொகுதியில் அந்தப் பாட்டே இல்லை! 11 வருஷம் கழித்து ஜேசன் இஸ்பெல் பாடி அந்தப் பாக்கியைத் தீர்த்திருக்கிறார், நன்றாகவே.

எனக்கு இந்த ஆல்பம் என்றால் முதலில் எம்மிலூ ஹாரிஸ் பாடிய ‘ஹலோ இன் தேர்’தான். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட, ஒரு மகனைக் கொரியப் போரில் பறிகொடுத்துவிட்டு, பேசிக்கொள்ள ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் வயதான தம்பதியைப் பற்றிய பாட்டு அது. இதை எழுதும்போது பிரைன் இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்தார், சிகாகோ பக்கம் தெருத்தெருவாகத் தபால் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வயதில் அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்பது வேறு கதை. இப்போது எழுபதைத் தாண்டிய ஹாரிஸ் பாடும்போது, மேல் சுரத்தில் குரல் லேசாக நூல் பிரிகிறது. அதை ஒளிக்க அவர் மெனக்கெடவே இல்லை, அந்த இடத்தில் பாட்டு வேறொன்றாகிவிடுகிறது.

‘சாம் ஸ்டோன்’தான் எனக்கு ஒட்டவில்லை. ஜான் பால் ஒயிட் அருமையான பாடகர், சந்தேகமில்லை. ஆனால் போரிலிருந்து மார்பின் பழக்கத்தோடு திரும்பி வந்தவனின் கதையை பிரைன் 1971-இல் செய்தி வாசிக்கிற தொனியில் சொன்னார், அதனால்தான் வயிற்றில் போய் விழுந்தது. இங்கே சோகத்தை முதலிலேயே குரலில் பூசிவிட்டார்கள், அப்புறம் கதைக்கு என்ன வேலை?

பிராண்டி கார்லைல் விஷயத்தில் என் பயம் பொய்த்தது. பிரைன் கடைசியாகப் பதிவு செய்த பாட்டு ‘ஐ ரிமெம்பர் எவ்ரிதிங்’, அதற்கு இரண்டு கிராமி விருது கிடைத்தது. கூரையைத் தூக்கக்கூடிய குரலை வைத்துக்கொண்டு இந்தம்மா இங்கே அந்தப் பாட்டை அடக்கி வாசித்திருக்கிறார். ‘பாரடைஸ்’ பாட ஸ்டர்ஜில் சிம்ப்சனைப் பிடித்ததும் சரியான தேர்வு: நிலக்கரிக்காகத் தோண்டித் தீர்க்கப்பட்ட கென்டக்கி ஊரின் பாட்டு, பாடுகிறவரும் கென்டக்கிக்காரர். போனி ரெயிட் ‘ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கமரி’யை 1974-இலிருந்து பாடுகிறார், அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது.

ஒரே பெரிய குறை, சிரிப்பு போதவில்லை. பிரைன் பாட்டில் பாதி குறும்பு. டைலர் சில்டர்ஸ் பாடிய குடிப்பாட்டைத் தவிர, இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பலரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது வந்த முதல் தொகுதியில் இந்தச் சங்கடம் இல்லை, பிரைனின் குறும்பான ஹவாய் பாட்டையெல்லாம் கூச்சமில்லாமல் பாடினார்கள். ஆனாலும் இரண்டில் ஒன்றுதான் வாங்கமுடியும் என்றால் நான் இரண்டாவதையே சொல்வேன், ஹாரிஸுக்காக.

ஐரிஸ் டிமென்ட் பாடிய ‘ஒன் ரெட் ரோஸ்’ ஒன்று மிச்சம். அந்த மூக்கால் இழுக்கிற கிராமத்துக் குரலை மெருகேற்ற யாரும் கை வைக்கவில்லை, நல்ல வேளை. அதைக் கேட்டதும் 1999-இல் அவரும் பிரைனும் ஜோடியாக ஒருவரையொருவர் கிண்டலடித்துப் பாடியது ஞாபகம் வந்து, ஆல்பத்தை நிறுத்திவிட்டு அதைத் தேடிப் போட்டேன், மூன்று தடவை.