பொள்ளாச்சி வீட்டுப் படமும் பாரிஸ் முத்திரை அகராதியும்: லுக்ட் தளம் எப்படி?

பழைய ஐரோப்பியக் கோட்டோவியம் என்று சொல்லி யாராவது ஒரு தாளை நீட்டினால், என்ன விலை போகும் என்று கேட்பதற்கு முன்னால் திறந்து பார்க்க வேண்டிய இணையதளம் ஒன்று இருக்கிறது. பாரிஸில் உள்ள ஃபொந்தாசியோன் குஸ்தோதியா என்ற அமைப்பு நடத்தும் ‘மார்க் தெ கொலெக்சியோன்’. முழுக்க இலவசம். திருப்பூரில் துணித் தொழிலில் இருக்கும் எனக்கு இந்த மாதிரித் தாள்கள் மேல் நெடுநாள் ஆசை, அதனால் இந்தத் தளத்தை ரொம்பவே புரட்டியிருக்கிறேன். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். குறைத்த அரை எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

தளம் என்ன செய்கிறது என்றால், ஐரோப்பாவில் கோட்டோவியமும் அச்சுப்படமும் சேர்த்தவர்கள் தங்கள் தாளின் மூலையிலோ பின்பக்கத்திலோ சின்னதாக ஒரு முத்திரை குத்துவார்கள், இல்லாவிட்டால் மையில் இரண்டு எழுத்து எழுதி வைப்பார்கள். அந்த முத்திரை யாருடையது, அவர் யார், எப்போது வாழ்ந்தார், அவர் சேர்த்தது பின்னால் எங்கே போனது, எந்த ஏலத்தில் சிதறியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள். இதைத் தொடங்கியவர் டச்சுக்காரரான ஃபிரிட்ஸ் லுக்ட் (1884–1970). 1921இல் ஆம்ஸ்டர்டாமில் புத்தகமாகப் போட்டார், 1956இல் பின்னிணைப்பு வந்தது, 2010இல் இருந்து இணையத்தில் கிடைக்கிறது. ஒவ்வொரு முத்திரைக்கும் ஓர் எண் உண்டு. பெரிய ஏலப் பட்டியல்களில் ‘L. 2445’ என்று போட்டிருந்தால் அது சர் தாமஸ் லாரன்ஸின் முத்திரை, ‘L. 2364’ என்றால் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், இரண்டு பேருமே ஆங்கில ஓவியர்கள். இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துவிட்டால் எந்த மியூசியத்தின் பட்டியலும் நமக்குப் பேச ஆரம்பித்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. லுக்ட் பெயரில் இரண்டு வகை எண்கள் புழங்குகின்றன. அதே மனிதர் 1600 முதல் 1925 வரை நடந்த ஏலங்களின் பட்டியல்களையும் தொகுத்தார், அதன் முதல் தொகுதி 1938இல் வந்தது. அந்த ஏல எண்ணையும் ‘லுக்ட்’ என்றுதான் குறிப்பிடுவார்கள். முத்திரை எண்ணையும் ஏல எண்ணையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் சம்பந்தமே இல்லாத ஆளின் பக்கத்தில் போய் நிற்போம்.

சரி, இந்தத் தளம் இப்போது எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதற்கு வருகிறேன். பொள்ளாச்சியில் எங்கள் மாமா வீட்டு ஆசாரத்தில் ஒரு படம் மாட்டியிருக்கும். பழுப்பு மையில், மரத்தடியில் உட்கார்ந்து குழல் ஊதும் ஆட்டுக்காரன், ஓடையில் தண்ணீர் குடிக்கும் ஆடுகள், பின்னால் இடிந்த தூண்கள், அதற்கும் பின்னால் கரைந்துபோன மலை. மாமாவின் அப்பாரு வால்பாறையில் ஒரு டீ எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், ஊருக்குக் கிளம்பிய துரை கொடுத்துவிட்டுப் போன படம் என்பது வீட்டில் வழங்கும் கதை. பின் அட்டையில் பென்சிலால் ஆங்கிலத்தில் ‘கிளாட்’ என்று எழுதியிருக்கிறது. யாரோ ஒருவர் வந்து பார்த்துவிட்டு இது பெரிய ஓவியர் கையால் போட்டது, கோடிக்கணக்கில் போகும் என்று சொல்லிவிட்டுப் போக, மாமா என்னைக் கூப்பிட்டார். “ஏங் கண்ணு, நீதான் இதெல்லாம் பாக்கறவன், வந்து என்னன்னு பாத்துச் சொல்லு போ” என்றார்.

கோவையில் ஒரு ஃபிரேம் கடையில் வைத்துச் சட்டத்தைப் பிரித்தோம். ஆணியெல்லாம் துரு, ஓரத்தில் இராமபாணப் பூச்சி அரித்த தடம், ஆனால் படம் நன்றாகவே இருந்தது. பின்பக்கம் ஒரு மூலையில் வட்டமாக ஒரு முத்திரை, உள்ளே இரண்டு எழுத்து. அதைத்தான் முதலில் லுக்ட் தளத்தில் தேடினேன். எழுத்தைக் கொடுத்துத் தேடினால் அதே இரண்டு எழுத்தில் ஒரு கும்பலே வருகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து வடிவத்தையும் மையின் நிறத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்தது. கிட்டத்தட்ட என்பது இந்த வேலையில் செல்லாது. வட்டத்தைச் சுற்றி ஒரு கோடு கூடுதலாக இருந்தால்கூட அது வேறு முத்திரை. மாமா வீட்டு முத்திரை எதோடும் பொருந்தவில்லை, அதனால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே இல்லை. தளத்தில் படம் தெளிவாக இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாக ஒதுக்க முடிந்தது.

அப்புறம் தாளின் முன்பக்கம். ‘கிளாட்’ என்றால் கிளாட் லொரெய்ன், லொரெய்னில் பிறந்து ரோமில் வாழ்ந்து 1682இல் இறந்த இயற்கைக் காட்சி ஓவியர். ஆடு மாடு மேய்க்கிற காட்சி என்றால் ஐரோப்பாவில் முதலில் நினைவுக்கு வருகிறவர்களில் ஒருவர். அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பாணியில் வரைந்து அவர் பெயரிலேயே விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்காக அவர் ஒரு காரியம் செய்தார். தான் வரைந்து கொடுத்த ஓவியங்களை ஒரு நோட்டில் திரும்பக் கோட்டோவியமாகப் பதிந்து, யாருக்காக வரைந்தது என்று பல தாள்களின் பின்னால் எழுதியும் வைத்தார். 1635 வாக்கில் தொடங்கிச் சாகும் வரைக்கும். ‘லீபர் வெரிதாதிஸ்’ என்று அந்த நோட்டுக்குப் பெயர். நீலத்தாளும் வெள்ளைத்தாளும் மாறி மாறி வரும், ஏறக்குறைய இருநூறு கோட்டோவியங்கள். டெவன்ஷயர் பிரபுக்களின் வீட்டில் இருந்து 1957இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தது. ஓர் ஓவியன் தன் படத்துக்குத் தானே பத்திரம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், எனக்கு நினைக்க நினைக்க மனசு நெகிழும்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் தளத்தில் அந்தத் தாள்களை வீட்டில் உட்கார்ந்தே பெரிதாக்கிப் பார்க்கலாம், அதுவும் இலவசம்தான். அதில் தேடினால் மாமா வீட்டு ஆட்டுக்காரன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அதே மரம், அதே தூண். சந்தோஷப்படுகிற இடம் இது இல்லை, இங்கேதான் நிதானம் வேண்டும். அசல் மியூசியத்தில் இருக்கும்போது பொள்ளாச்சியில் இருப்பது என்ன?

துணியில் இழை எண்ணுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் மடக்கு லென்ஸைத் தாள் மேல் வைத்துப் பார்த்தேன். தூரிகையில் மை தீற்றியிருந்தால் ஈரம் காயும்போது ஓரத்தில் மை ஒதுங்கி ஒரு கரை தட்டியிருக்கும். இங்கே நிழல் விழுந்த இடமெல்லாம் கரையே இல்லை, பொடிப்பொடியாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சொரசொரப்பு, சீராக. மெசோடிண்ட் என்ற அச்சு முறையில் செப்புத் தகட்டைப் பல் வைத்த கருவியால் கொத்தினால் வருவது அது. கோடுகளோ அமிலத்தில் அரித்த எச்சிங் கோடுகள். ரிச்சர்ட் எர்லம் என்பவர் இந்த நோட்டை அப்படியே அச்சில் கொண்டுவந்தார், ஜான் பாய்டெல் 1777இல் லண்டனில் இரண்டு தொகுதியாக வெளியிட்டார். பேனாக் கோட்டுக்கு எச்சிங், மை நிழலுக்கு மெசோடிண்ட், மொத்தமும் பழுப்பு மை, கோட்டோவியம் என்றே கண் நம்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். படத்துக்குக் கீழே கிளாட் வரைந்தது, எர்லம் செதுக்கியது, டெவன்ஷயர் பிரபுவின் தொகுப்பில் இருப்பது என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். மாமா வீட்டுத் தாளில் அந்த வரிகளும் தகடு அழுந்திய பள்ளமும் இருந்திருக்க வேண்டிய ஓரத்தை யாரோ ஒட்ட நறுக்கிவிட்டார்கள். நறுக்கியதும் அச்சுப்படம் ‘கோட்டோவியம்’ ஆகிவிட்டது. இப்படி நறுக்கிய எர்லம் தாள்கள் உலகம் முழுக்க உண்டு, பழைய பங்களாப் பொருள் என்று யாராவது கொண்டுவந்தால் கீழ் ஓரத்தை முதலில் பாருங்கள்.

மாமாவிடம் சொன்னேன். “அப்ப பிரிண்டுதானா கண்ணு?” “ஆமாங்க மாமா. ஆனா தகடு இருநூறு வருசத்துக்கும் மேல பழசுங்க. காயிதத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா பழைய காயிதத்துல வர்ற கம்பிக்கோடு தெரியல, அதனால இது கொஞ்சம் பிந்தி அடிச்சதா இருக்கலாமுங்க.” கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, “ஆடு நல்லா இருக்குதல்ல, மறுபடியும் மாட்டீரலாம் உடு” என்றார்.

முத்திரை யாருடையதோடாவது பொருந்தியிருந்தாலும் படம் கிளாட் வரைந்தது என்று ஆகியிருக்காது. இந்தத் தளம் எனக்குப் பிடித்ததற்குப் பெரிய காரணமே இதுதான், எந்தப் பக்கத்திலும் கை மாறிய கதையையும் வரைந்த கையையும் ஒன்றாக்கிக் குழப்புவதில்லை. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் இது இன்னார் வீட்டுக் கட்டுத்தறி மாடு என்று சொன்னால் நின்று கேட்பார்கள், ஆனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், சுழி பார்க்காமல் ஒருத்தரும் பணத்தை அவிழ்க்க மாட்டார்கள். முத்திரையும் கட்டுத்தறிப் பேர்தான்.

பீட்டர் லீலியின் ‘PL’ முத்திரையைப் பாருங்கள், L. 2092. இங்கிலாந்தில் பெரிய ஓவியர், பெரிய சேகரிப்பாளர், 1680இல் இறந்தார். அந்த முத்திரையை அவர் குத்தவே இல்லை. சொத்தைப் பிரித்து விற்கும் பொறுப்பில் இருந்த ரோஜர் நார்த்தான் அவர் இறந்த பிறகு ஏறக்குறைய பத்தாயிரம் தாள்களில் குத்தினார். அந்த முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று, லீலி இறக்கும்போது இந்தத் தாள் அவர் வீட்டில் இருந்தது. யார் வரைந்தது என்று அது சொல்வதில்லை.

இன்னும் சிக்கலான கதை பாரிஸில் நடந்தது. வெனிஸ் பக்கத்து தொமெனிகோ கம்பஞோலா பேனாவில் நிறைய இயற்கைக் காட்சிகள் வரைந்தார், அவற்றில் எத்தனையோ நெடுங்காலம் வெனிஸின் பெரிய ஓவியரான டிஷியன் பெயரில் இருந்தன. அந்த மாதிரித் தாள்கள் பியேர் குரோசா என்ற பணக்காரரின் வீட்டில் குவிந்தன. அங்கேயே தங்கியிருந்த வாத்தோ, அவரும் பெரிய ஓவியர்தான், உட்கார்ந்து அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1740இல் குரோசா இறந்தார், அடுத்த வருடம் எல்லாம் ஏலத்துக்கு வந்தது, பட்டியல் எழுதியவர் மரியெத் என்ற சேகரிப்பாளர். அவர் தனக்கு வாங்கியவற்றை நீல அட்டையில் ஒட்டி, ஓவியர் பெயரை அழகாக ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்தார். இப்போது ஒரு மேய்ச்சல் காட்சி கையில் இருக்கிறது, குரோசா தொகுப்பின் எண் மூலையில் இருக்கிறது, மரியெத்தின் நீல அட்டையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை மாறிய வழி சுத்தம். ஆனால் வரைந்தது டிஷியனா, கம்பஞோலாவா, பார்த்து வரைந்த இன்னொருவரா என்பதைக் கோட்டின் ஓட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மரியெத் பெரிய அறிவாளி, ஆனாலும் அட்டையில் அவர் எழுதியது 18ஆம் நூற்றாண்டின் கருத்து, அவ்வளவுதான்.

இனி அந்த அரை மதிப்பெண். தளத்தின் குறிப்புகள் பிரெஞ்சில் இருக்கின்றன. போனில் மொழிபெயர்ப்பை ஓட்டினால் வாழ்க்கைக் குறிப்பு புரிந்துவிடும், ஏல விவரங்கள் வரும் நீண்ட வாக்கியங்களில் யார் யாருக்கு விற்றார் என்பதே தலைகீழாகிவிடுகிறது, அங்கே மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரையும் வருடத்தையும் சரிபார்க்க வேண்டும். பின்னிய எழுத்து முத்திரைகளில் முதல் எழுத்து எது என்று தெரியாமல் தேடுவது எரிச்சல், இரண்டு வரிசையிலும் கொடுத்துப் பாருங்கள். நம் ஊருக்கு வந்த தாள்களின் கடைசிக் கட்டம், அதாவது லண்டனில் இருந்து எஸ்டேட் பங்களா வரைக்குமான வழி, இதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வீட்டில் இருக்கும் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். மாமாவை உட்கார வைத்து, எஸ்டேட் பெயர், அப்பாரு வேலை பார்த்த காலம் எல்லாவற்றையும் எழுதி வாங்கி ஃபிரேமின் பின்னால் ஓர் உறையில் வைத்தாயிற்று.

தேடப் போகிறவர்களுக்கு: முத்திரையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், அளவு தெரியாமல் ஒப்பிட முடியாது. மை இல்லாமல் அழுத்திக் குத்திய முத்திரைகள் நேர் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது, லாரன்ஸுடையது அந்த வகைதான், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பின் அட்டையை எந்தக் காரணத்துக்கும் தூக்கிப் போடாதீர்கள், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள்.