சன்னபட்டணா குட்டிப் பூச்சாடி செட்: மூன்றில் ஒன்றுதான் தேறும்

பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கும் சன்னபட்டணா பொம்மைக்குப் பேர்போன ஊர். அங்கே கடைந்த மூன்று பூச்சாடிகள் கொண்ட செட் இது. உயரம் 150, 125, 100 மி.மீ. மரம் வெட்பாலை, சித்த வைத்தியத்தில் தைலம் செய்கிறார்களே, அதே மரம். வெளுப்பாக, இழை நெருக்கமாக, உளிக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும். நிறம் ஏற்றுவது அரக்கால். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் உருகி ஒட்டும். தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு வரும். பூச்சில் பெரிய குறை இல்லை. பிரச்சினை வடிவத்தில்.

பெரிய சாடி அருமை. வயிறு (அகலமான இடம்) 62 மி.மீ. விட்டம், அதுவும் அடியிலிருந்து சரியாக 50 மி.மீ. உயரத்தில், அதாவது மூன்றில் ஒரு பங்கில். கழுத்து 24, வாய் 32, அடி 36. வாயும் அடியும் ஒரே அளவாக இல்லாததால் மேல் எது, கீழ் எது என்று கண்ணுக்குக் குழப்பமில்லை. உள்ளே 18 மி.மீ. துளை 98 மி.மீ. ஆழம்வரை போகிறது, அதில் தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கும் 16×100 மி.மீ. கண்ணாடிச் சோதனைக்குழாய் கொஞ்சம் தளர்வாக உட்காருகிறது. அந்தத் தளர்வு வேண்டும். மரம் காயும்போது துளை நீள்வட்டமாகும். இறுக்கமாக இருந்தால் கண்ணாடி விரிசல் விடும். துளைக்குக் கீழே 52 மி.மீ. முழு மரமாக விட்டிருப்பதால் கனம் அடியில் தங்குகிறது.

125 மி.மீ. சாடி மத்தளத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி. வயிறு நட்ட நடுவில், அடி 50, வாய் 48. தலைகீழாக வைத்தாலும் அப்படியேதான் தெரிகிறது! ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னொன்றும் தெரியும்: வயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு தட்டை. இரண்டு வளைவையும் தனித்தனியாகக் கடைந்துவிட்டு, கடைசியில் ஒரே வீச்சாக உளியை ஓட்டாமல் விட்டால் வரும் குறை இது. வயிற்றை 83 மி.மீ. உயரத்துக்கு ஏற்றி, அடியை 32-க்குக் குறைத்திருந்தால் தோள் எடுப்பான சாடியாகியிருக்கும்.

சிறியதுதான் பெரிய ஏமாற்றம். பெரிய சாடியின் எல்லா அளவையும் மூன்றில் இரண்டாகச் சுருக்கியிருக்கிறார்கள்: அடி 24, கழுத்து 16. சாடி சுருங்கியது, பூ சுருங்குமா? ஒற்றைச் சம்பங்கித் தண்டைச் செருகினாலே சாய்கிறது. 12 மி.மீ. குழாய்க்காக 13 மி.மீ. துளை போட்டதில் கழுத்தின் சுவர் ஒன்றரை மி.மீ.தான் மிஞ்சியது, அங்கே முடி போல ஒரு கீறல். கழுத்து வளைவு குறுகலாக இருப்பதால் அரக்குக் குச்சி உள்ளே நுழையவில்லை, வெள்ளை மரம் வளையமாகத் தெரிகிறது. இந்த உயரத்துக்கு அடி 34, கழுத்து 20, வயிறு 50 வைத்தால் கொஞ்சம் குண்டாக இருக்கும், ஆனால் நிற்கும்.

கடைபவர்கள் கவனிக்க: துளையை முதலில் போட்டுவிட்டு அப்புறம் வெளிப்பக்கம் கடையுங்கள். மெலிந்த கழுத்தில் டிரில் பிட்டை இறக்கினால் பிளக்கும். அட்டையில் பாதி வடிவத்தை வெட்டி வைத்துக்கொண்டு, வயிறு, கழுத்து, அடி மூன்று இடத்திலும் பென்சில் கோடு போட்டு, கேலிப்பரில் (விட்டம் அளக்கும் கருவி) அளந்து, வேண்டிய அளவைவிட ஒன்றரை மி.மீ. கூடுதலாக இருக்கும்போதே நிறுத்துங்கள். மீதியைக் கடைசி வீச்சில் எடுக்கலாம். அடிப்பக்கத்தை லேசாகக் குழித்து விடுங்கள். நடுவில் கடுகளவு முளை இருந்தாலும் சாடி ஆடும்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு நீளப் பேனாவைச் செருகி, வாயோரத்தில் விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சின்னது அப்போதே விழுந்துவிடும். செட்டைப் பிரித்துத் தருவார்கள் என்றால் 150 மி.மீ. சாடியை மட்டும் வாங்கலாம். துடைக்க உலர்ந்த துணி போதும். சானிடைசர் பட்டால் அரக்கு கரைந்து பிசுபிசுக்கும்.