சார்ஜிங் பின் மாற்றக் கொடுத்தேன், விண்டோஸையே மாற்றித் தந்தார்கள்

திருகோணமலையில் லப்டொப், போன் திருத்தக் கொடுக்கப் போகிறவர்கள், முக்கியமாக உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள், இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். நான் சொல்ல வருவது ஒரு கடையின் கதையை மட்டும் இல்லை. பாஸ்வேர்ட் கேட்கிற, கேட்காமலே விண்டோஸை மாற்றுகிற இந்தப் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது, நாங்களும் அதைச் சரியென்று ஏற்றுக்கொண்டு விட்டோம்.

நான் ஒரு சின்னக் கெஸ்ட் ஹவுஸின் கணக்குவழக்கும் முன்பதிவும் பார்க்கிறேன். கடலோரத்தில் பாவிக்கிற சாமான் எதுவும் நீண்ட நாள் உழைக்காது, உப்புக் காற்று தின்றுவிடும். லப்டொப்பின் சார்ஜிங் பின் ஆடத் தொடங்கியது. ஒரு கோணத்தில் பிடித்தால் ஏறும், விட்டால் நின்றுவிடும். கடற்கரைக்கு ஆட்கள் வருகிற மே முதல் செப்டெம்பர் வரையான சீசன் வேறு. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். 3,500 ரூபாய், பின் மட்டும் மாற்ற வேண்டும், வேறு ஒன்றிலும் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

கவுன்டரில் நின்ற பையன் ஒரு துண்டுத் தாளில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிட்டு, "பாஸ்வேர்டையும் சொல்லுங்கோ அண்ணா, செக் பண்ணிப் பார்க்க வேணும்" என்றான். அந்தத் தாள் எங்கே போகிறது தெரியுமா? லப்டொப்பின் மூடியில் ஒட்டப்படுகிறது. கவுன்டருக்குப் பின்னால் அடுக்கியிருந்த லப்டொப்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒரு தாள். பெயர், நம்பர், பாஸ்வேர்ட். மார்க்கரால் எழுதியிருந்தது, நான் நின்ற இடத்திலிருந்தே வாசிக்க முடிந்தது. ஒன்றில் யாரோ தன் பிள்ளையின் பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்துப் பாஸ்வேர்ட் வைத்திருந்தார். அதே பாஸ்வேர்டைத்தான் அவர் ஈமெயிலுக்கும் வைத்திருப்பார் என்று பந்தயம் கட்டலாம்.

நான் தர மாட்டேன் என்றேன். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க விண்டோஸுக்குள் போகவே தேவையில்லை. பாஸ்வேர்ட் கேட்கிற முதல் திரையிலேயே மூலையில் பற்றரி அடையாளம் இருக்கிறது, சார்ஜரைச் செருகினால் அது மாறும். அதுவும் போதாதென்றால் கடைக்காரர் தன்னுடைய பென்ட்ரைவிலிருந்து லப்டொப்பைத் தொடக்கிப் பார்க்கலாம். பையன் தலையாட்டினான், தாளில் பாஸ்வேர்ட் இடத்தில் ஒரு கோடு போட்டான்.

போய் எடுத்தபோது பில் 6,500 ரூபாய். "விண்டோஸும் அடிச்சிருக்கு அண்ணா, இப்ப நல்ல ஸ்பீட்." அடிப்பதென்றால் இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. யார் அடிக்கச் சொன்னது? "பாஸ்வேர்ட் இல்லாமல் எப்பிடி செக் பண்ணுறது?" அதாவது பூட்டுக்குச் சாவி தரவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி எறிந்திருக்கிறார்கள். உள்ளே இருந்த கணக்கு, விருந்தினர் பதிவு, படங்கள் எல்லாம் போயிற்று. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் கணக்கின் நகல் இருந்ததால் தொழில் தப்பியது. "முக்கியமான ஃபைல் இருந்தால் முதலே சொல்லியிருக்க வேணும்" என்று முதலாளி எனக்கே பாடம் எடுத்தார். பின் மாற்றக் கொடுக்கிறவன் ஏன் ஃபைலைப் பற்றிச் சொல்ல வேண்டும்?

வீட்டுக்கு வந்து பார்த்தால் லப்டொப் முன்பை விட மெதுவாக ஓடுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் மெமரியைப் பார்த்தேன். வாங்கும்போது 4 ஜிபி ராம் (நினைவகச் சில்லு) இரண்டு, மொத்தம் 8. இப்போது 4 மட்டும் இருந்தது, இரண்டு இடத்தில் ஒன்று காலி. வாங்கிய பற்றுச்சீட்டில் 8 என்று அச்சடித்திருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு திரும்பக் கடைக்குப் போனேன். முதலில் "உங்கட லப்டொப்பில நாலுதான் இருந்தது" என்றார்கள். பற்றுச்சீட்டைக் காட்டியதும் "பெடியன் துடைக்கக் கழற்றினவன், பூட்ட மறந்திட்டான்" என்றார்கள். லாச்சியைத் திறந்து ஒரு ராமை எடுத்துப் போட்டுத் தந்தார்கள். அது வேறு கம்பனியுடையது. என்னுடையது யாருடைய லப்டொப்பில் ஓடுகிறதோ, இது யாரிடமிருந்து கழற்றியதோ, தெரியாது.

இவ்வளவும் காசு நட்டம். இதைவிடப் பெரிய சேதம் அவர்கள் அடித்த விண்டோஸுக்குள் இருந்தது.

என் லப்டொப் விண்டோஸோடு விற்கப்பட்டது. லைசன்ஸுக்கான காசு விலையிலேயே சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012க்குப் பிறகு, இப்படி வருகிற லப்டொப்களில் அந்த லைசன்ஸ் இலக்கம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் ஒன்றும் தட்டச்சுச் செய்யத் தேவையில்லை, தானாகவே சரியாகிவிடும். இலவசம், சட்டப்படி, சுத்தம். ஆனால் கடைகளில் என்ன நடக்கிறது? எல்லா லப்டொப்புக்கும் ஒரே பென்ட்ரைவ். யாரோ எங்கிருந்தோ இறக்கிய விண்டோஸ் ப்ரோ, அதோடு லைசன்ஸை ஏமாற்றுகிற ஆக்டிவேட்டர். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸைத் தூக்கி எறிந்துவிட்டுத் திருட்டுப் பிரதியை வைக்கிறார்கள், அதற்குக் கூலியும் வாங்குகிறார்கள். கடைக்காரருக்குக்கூட இது தேவையில்லாத வேலை, பழக்கம்தான் காரணம்.

ஆக்டிவேட்டர்களில் பல ஓட வேண்டுமென்றால் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டரை நிறுத்த வேண்டும், அல்லது "இந்த இடத்தைப் பார்க்காதே" என்று அதற்கு விலக்குக் கொடுக்க வேண்டும். என்னுடையதில் விண்டோஸ் செக்கியூரிட்டிக்குள் போய் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலைப் பார்த்தேன். விண்டோஸ் இருக்கிற முழு சி டிரைவும் விலக்கில் இருந்தது. காவல்காரனை வேலைக்கு வைத்துவிட்டு வீட்டுப் பக்கமே திரும்பாதே என்று சொன்ன கணக்கு. போதாக்குறைக்கு எனிடெஸ்க்கும் கிடந்தது. அது தூரத்திலிருந்து கணினியை இயக்க உதவுகிற நேர்மையான மென்பொருள்தான், ஆனால் கேட்காமல் என் லப்டொப்பில் அதற்கு என்ன வேலை?

நான் இதைப் பார்ப்பதற்கு முதலே, விடுதியில் மேசையில் இருக்கிற தம்பி அந்த லப்டொப்பில் முன்பதிவு இணையத்தளத்தில் எங்கள் கணக்கைத் திறந்து வேலை செய்திருந்தான். சீசனில் முன்பதிவுகளை விட்டுவைக்க முடியாது. சில நாட்களில் ஜெர்மனியிலிருந்து வரவிருந்த ஒரு குடும்பம் வட்ஸ்அப்பில் கேட்டது: "கார்டை மறுபடி உறுதிசெய்யச் சொல்லி மெசேஜ் அனுப்பியிருக்கிறீர்களே, உண்மையா?" நாங்கள் அனுப்பவில்லை. ஆனால் அது எங்கள் முன்பதிவுக் கணக்குக்குள்ளிருந்தே, அவர்களுடைய பெயர், வரும் திகதி, அறை எல்லாம் சரியாகப் போட்டுப் போயிருக்கிறது. 24 மணித்தியாலத்துக்குள் கட்டாவிட்டால் அறை ரத்து என்றும் எழுதியிருந்தது. அவர்கள் சந்தேகப்பட்டுக் கேட்டது எங்கள் நல்ல காலம்.

இந்த மோசடி எங்களுக்காகக் கண்டுபிடித்தது இல்லை. 2023இலிருந்து உலகம் முழுக்க விடுதிகளைக் குறிவைத்து இது நடக்கிறது. விடுதியின் கணினியில் தகவல் திருடுகிற ஒரு நிரல் புகுந்து, உலாவியில் சேமித்த பாஸ்வேர்ட்களையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கி என்பது நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தெரிந்துகொள்ள ஒரு தளம் உலாவியில் வைக்கிற அடையாளம், கார்னிவலில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையில் குத்துகிற சீல் மாதிரி. ஒருமுறை குத்திவிட்டால் வாசலில் திரும்பக் கேட்க மாட்டார்கள். அந்தச் சீலையே பிரதி எடுத்துக்கொண்டு போகிறவனிடம் தளம் பாஸ்வேர்டும் கேட்காது, போனுக்கு வருகிற இரகசிய இலக்கமும் கேட்காது. "எங்களிடம் இரட்டைப் பாதுகாப்பு இருக்கிறது" என்று நம்பியிருந்த பல விடுதிகள் விழுந்தது இப்படித்தான்.

கடைக்காரர் வேண்டுமென்றே இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாமல் அந்தப் பென்ட்ரைவில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரே பென்ட்ரைவை ஊர் முழுக்கக் குத்துகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்பது சமாதானமா?

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் வாரம் தவறாமல் ஒரு எச்சரிக்கை வரும். இந்தப் படத்தைத் திறந்தால் போன் ஹேக் ஆகிவிடும், அந்த நம்பரை எடுத்தால் காசு போய்விடும் என்று. அநேகமாக எல்லாம் பொய். தபால் திணைக்களத்தின் பெயரில் "உங்கள் பொதி வந்திருக்கிறது, முகவரி பிழை, சின்னத் தொகை கட்டுங்கள்" என்று வருகிற மெசேஜ் மட்டும் உண்மையான ஆபத்து. திணைக்களமே அது தாங்கள் அனுப்புவதில்லை என்று எச்சரித்திருக்கிறது. சரி, அதற்காவது ஆட்கள் இப்போது உஷாராகி விட்டார்கள். ஆனால் அதே மாமாமார், அதே அன்ரிமார், போன் டிஸ்பிளே உடைந்தால் பற்றர்ன் லொக்கைத் தாளில் கீறிக் கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஹேக்கருக்குப் பயப்படுகிறோம், கவுன்டருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறவரிடம் வங்கிச் செயலியோடு சேர்த்துப் போனைக் கொடுக்கிறோம்.

இது நம் ஊர்க் குணம் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பற்றரி மாற்றக் கொண்டுபோன லப்டொப்புக்கே பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்ட் கேட்டிருக்கின்றன. அப்புறம், நடப்பதையெல்லாம் இரகசியமாகப் பதிவுசெய்கிற லப்டொப்களைச் சின்ன ஒலிக் கோளாறு ஒன்றோடு 16 கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். 6 கடைகளில் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், 2 கடைகளில் பிரதியும் எடுத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

ஆகவே கடைக்குப் போகிறவர்களுக்கு: சார்ஜிங் பின், பற்றரி, விசைப்பலகை, டிஸ்பிளே, காற்றாடி, இவற்றில் எதற்கும் பாஸ்வேர்ட் வேண்டாம். கேட்டால் "நானே வந்து திறந்து காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படியும் வேண்டுமென்று நிற்கிற கடையிலிருந்து சாமானை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். எங்கள் ஊரில் கடைக்குப் பஞ்சமில்லை. கொடுக்கும் முன் டாஸ்க் மனேஜரில் ராமும் டிஸ்கும் தெரிகிற திரையைப் போனில் படம் எடுங்கள், கடைக்காரர் பார்க்கும்படியே எடுங்கள். "விண்டோஸ் அடிக்க வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம்" என்பதை அவர்களுடைய தாளிலேயே எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். முகம் மாறும், மாறட்டும். போன் என்றால், சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கிறது, கூகுள் பிக்சலில் ரிப்பெயார் மோட். அதைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் திருத்துகிறவர் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களும் மெசேஜ்களும் அவருக்குத் தெரியாது. திரும்ப வந்ததும் வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் பகுதியைப் பாருங்கள். தெரியாத கணினி ஒன்று அங்கே இருந்தால் உங்கள் மெசேஜ்களை வேறு யாரோ வாசித்துக்கொண்டிருக்கிறார், உடனே லொக் அவுட் செய்யுங்கள்.

ஏற்கெனவே கடையில் விண்டோஸ் அடித்து வாங்கியவர்கள் டிஃபெண்டரின் எக்ஸ்குளூஷன்ஸ் பட்டியலை இன்றைக்கே திறந்து பாருங்கள். ஏதாவது இருந்தால் அந்தக் கணினியில் வைத்துப் பாஸ்வேர்ட் மாற்றாதீர்கள், புதியதும் போய்விடும். வேறொரு போனிலோ கணினியிலோ மாற்றுங்கள். மாற்றும்போது எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற தெரிவையும் அழுத்துங்கள், இல்லாவிட்டால் திருடின சீல் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். பிறகு மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸை 8 ஜிபி பென்ட்ரைவில் இறக்கிப் புதிதாக நிறுவுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், லைசன்ஸ் தானாக வந்து உட்கார்ந்தது. விடுதிக்காரர்கள் வரவிருக்கிற எல்லா விருந்தினருக்கும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நாங்கள் அனுப்பினோம், ஒருவரும் முன்பதிவை ரத்துச் செய்யவில்லை.

முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. பொருள் வாங்கியதற்கு மட்டுமல்ல, இப்படிக் கூலிக்குச் செய்த வேலைக்கும் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு கட்டாயம் தேவைப்படும். எனக்கு முதலில் வெறும் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில்தான் தொகையை எழுதித் தந்தார்கள், திரும்பப் போய் நின்று கடையின் சீல் குத்திய பற்றுச்சீட்டை வாங்கினேன். அதில் "சொஃப்ட்வெயார் சார்ஜ் 3,000" என்று அவர்களே தனியாக எழுதியிருக்கிறார்கள்.