முதியோர் உதவித்தொகை மனு: இ-சேவையா, முகாமா, திங்கட்கிழமை மனுவா?

தனியாக இருக்கும் அத்தைக்கு முதியோர் உதவித்தொகை வாங்கித் தர முனைந்தபோது மூன்று வழிகள் இருந்தன: தாலுகா ஆபீஸில் உள்ள இ-சேவை மையம், ஊருக்கே வரும் அரசு முகாம், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டம். நான் இ-சேவைக்குத்தான் போனேன். இன்று யார் கேட்டாலும் முதலில் அங்கேயே போகச் சொல்கிறேன்.

காகிதங்களில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, வங்கி பாஸ்புக், போட்டோ. வயது 60 ஆகியிருக்க வேண்டும். ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் எந்த வழியில் போனாலும் மனு நிற்கும், அதை முன்கூட்டியே சரி செய்துவிடுங்கள். 2023 ஆகஸ்டில் இந்தத் தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த ஆண்டு ஜனவரியிலேயே 1,500 ஆகிவிட்டது.

கலெக்டர் கையில் நேரே கொடுத்தால் உடனே வேலை நடக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் பலமாக இருக்கிறது. ஆனால் அந்த மனு சுற்றி வந்து சேருவது அதே தாலுகாவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாரிடம்தான். விசாரிக்கப் போவதும் அதே கிராம நிர்வாக அலுவலர், அதாவது விஏஓதான். புதிதாக விண்ணப்பிப்பவர் பஸ் ஏறி மாவட்டத் தலைநகர் வரை போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஏற்கெனவே விண்ணப்பித்து, காரணம் சொல்லாமல் தள்ளுபடி ஆனவர்களுக்கு இது நல்ல வழி. பழைய விண்ணப்ப எண்ணை மனுவின் தலைப்பிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

முகாமை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் தொடங்கிய ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் தொடங்கிய ‘உங்களுடன் ஸ்டாலின்’ போன்றவற்றில் பல துறைகள் ஒரே பந்தலில் உட்கார்ந்தன. நடக்க முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நடத்தும் முகாமில் டாக்டர்களும் வந்துவிட்டால், ஊனச் சதவீதச் சான்றும் தனித்துவ அடையாள அட்டைக்கான பதிவும் அங்கேயே முடியும். அந்தச் சான்று இல்லாமல் உதவித்தொகைக்கு எழுதிப் பயனில்லை என்பதால், அவர்களுக்கு மட்டும் முகாம் முதலில், இ-சேவை அப்புறம் என்பேன்.

சரி, மற்றவர்களுக்கு ஏன் இ-சேவை? எனக்கு ஒரே காரணம் போதும்: விண்ணப்பத்தில் ஏறும் போன் நம்பர்.

மையத்தில் பதிவு தொடங்கும்போதே ஓடிபி கேட்கும். மனு ஏற்கப்பட்டதா, நிராகரிக்கப்பட்டதா என்ற குறுஞ்செய்தியும் அந்த நம்பருக்குத்தான் வரும். விஏஓ விசாரணைக்கு வருமுன் கூப்பிடுவதும் அதற்குத்தான். ஆனால் பெரும்பாலான பெரியவர்களிடம் இருப்பது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம். அவசரத்தில் மையத்துக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுவதும் உண்டு, அவருக்கு வேலை சீக்கிரம் முடியும். அப்புறம் அந்த அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. மனு தள்ளுபடியாகி மாதங்கள் போயிருக்கும், அவரோ இன்னும் பணம் வருமென்று காத்திருப்பார். இது எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம்.

இ-சேவையில் இதை நம் கண் முன்னால் சரி செய்யலாம். அத்தையோடு போனபோது திரையை எங்கள் பக்கம் திருப்பச் சொன்னேன். அவர் பேத்தியின் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, ஓடிபி வந்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போகவிட்டேன். ரசீதில் இருந்த விண்ணப்ப எண்ணைப் போட்டோ எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். மனு யார் மேசையில் இருக்கிறது என்று அவளே பார்த்துச் சொன்னாள். முகாம் நெரிசலில் இந்த நிதானம் கிடைப்பதில்லை. தன்னார்வலர் வேகமாக எழுதுவார், பக்கத்தில் நிற்பவர் சொன்ன நம்பர் ஏறிவிடும்.

ஆதாரிலேயே பழைய நம்பர் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். 2021 முதல் தபால்காரரே வீட்டுக்கு வந்து மாற்றித் தரும் வசதி இருக்கிறது, படுக்கையில் இருப்பவர்களுக்கு ரொம்ப உதவும்.

நான் சொல்வதெல்லாம் கிராமத்து தாலுகாவில் பார்த்தது. சென்னை மாதிரி நகரத்தில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு முகவரி விசாரணை வேறு விதமாக இருக்கலாம், அங்கே முகாம் இதைவிட வசதியாகவும் இருக்கலாம்.

எந்த வழியில் போனாலும் பேரனோ பேத்தியோ இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைக் கொடுக்கலாம், அவர் சம்மதத்தோடு. வரும் செய்தியை அன்றைக்கே மனு கொடுத்த பெரியவரிடம் போய்ப் படித்துக் காட்டுகிற ஆளாக இருந்தால் போதும்.